செக்

பதினொரு மணிக்குப் பில் கட்டிவிட்டு
மதுரை விமானம் பிடிக்கப் போய்விட்டார்கள்
ஏழாம் அறைத் தம்பதி.
குளிர்பெட்டியில் அவர்கள் விட்டுப்போன புட்டியை
இரு கையாலும் ஏந்திவந்தான் இருளப்பன்,
தூங்கும் பிள்ளையை இடம் மாற்றுகிறவன்போல.

விட்டுப்போன பொருளெல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.
போன மாதம் ஒற்றைக் கம்மல்.
தீபாவளிக்கு மறுநாள் ஒரு பல்செட்டு.
தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதி
ஆறு மாதம் காத்திருக்கவேண்டும்.
திறந்த புட்டி ஆறு நாள் தாங்குமா?

புதுச்சேரியில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சில்
லேபிளை வாசித்தேன்.
ஷார்டனே என்பது திராட்சையின் பெயர்.
லிமூ என்பது ஊர், பிரான்சின் தெற்கே.
அடியில் மூன்றே எழுத்து: செக்.

"செக்கா? எந்த பேங்கு?" என்றார் சூசை மாஸ்டர்.
உலர்ந்தது என்று அர்த்தம், என்றேன்.
கடாய் கழுவிக்கொண்டிருந்த பூமயில் திரும்பினாள்.
"தண்ணியாட்டம் ஆடுது. உலந்ததுங்குற."

கானாடுகாத்தானில் மதியம் மூன்று மணி.
விருந்தாளி யாருமில்லை, முதலாளி சிங்கப்பூரில்.
பின்கட்டுத் தகரம் வெயிலில்
டிக், டிக்கென்று நெளிந்துகொண்டிருந்தது.
இரண்டு வருஷமாக மெனு அட்டையில்
இதன் விலையைத் திருத்தியிருக்கிறேன்.
ருசித்ததில்லை.

நாலு எவர்சில்வர் டம்ளர்.
ஊற்றியதும் நாலும் வெளியே வியர்த்தன.
நிறம் தெரியலையே என்று மாஸ்டர்
தன்னுடையதைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினார்.
எலுமிச்சை பழுக்கத் தொடங்கும்போது
காம்பருகே மட்டும் வரும் மஞ்சள்.

இருளப்பன் மோந்து பார்த்து
"ஆப்ப மாவு" என்றான், "நேத்து ராத்திரி கரைச்சது."
எனக்குப் பேரிக்காய்த் தோல்.
மாஸ்டர் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.
"சுண்ணாம்புக் காளவாய்ல மழை" என்றார்.

அப்புறம்தான் குடித்தோம்.

முதலில் அரிநெல்லி.
பல்லின் வேர்வரை போய்க் கூசவைத்துத் திரும்பியது.
பின்னால் வெண்ணெய் மாதிரி ஒன்று,
வெண்ணெய்கூட இல்லை, அதை வைத்திருந்த வாழையிலை.
இனிப்பு வரும் வரும் என்று
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நாக்கு நின்றது.
வரவில்லை.
பெருநெல்லி தின்றால் தண்ணீராவது இனிக்கும்.
இதற்குப் பிறகு குடித்த தண்ணீர்
தண்ணீராகவே இருந்தது.

மாஸ்டர் சும்மா இருக்கமாட்டார்.
மிளகுக் கோழியோடு குடித்தார்.
காரம் ஏற, புளிப்பு ஏற, இருமல்.
கவுனி அரிசியின் சர்க்கரை பட்டதும்
பச்சை எலுமிச்சையாகிக் கோபித்துக்கொண்டது.
மூலைத் தட்டில் ஆறிக் கிடந்தது வெள்ளைப் பணியாரம்.
சட்னி தொடாமல் ஒரு கடி, ஒரு மடக்கு.
"ம்" என்றார்.
அவர் சமைத்ததை அவரே இரண்டாவது எடுத்து
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பூமயில் கடைசியாகக் குடித்தாள்.
சுவரைப் பார்த்துக் குடித்தாள்.
"பழத்துல இனிப்பு இருந்திருக்கும்ல?"
இருந்தது, என்றேன்.
புளிக்கப் புளிக்க ஈஸ்ட் அதைத் தின்றுவிடும்,
கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லையென்றால்
உலர்ந்தது என்பார்கள்.

"அப்பக் காயலை" என்றாள். "செலவாயிருக்கு."

அவள் கையில் ஒரே ஒரு வளையல், பித்தளை.
அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.
இருளப்பன் மட்டும் தன் டம்ளரில் மிச்சமிருந்ததை
அவளுடையதில் ஊற்றினான்.

பதிவேட்டில் எழுதினேன்:
ஏழாம் அறை. புட்டி ஒன்று. காலி.
எழுதும் நேரத்தில் அது உண்மையாகியிருந்தது.

ஆறு மாதம் வைத்திருக்கச் சொன்னால்
பூமயில் கேட்கிற ஆளா?
சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து,
மறுவாரமே பள்ளத்தூர் மரச்செக்கில் ஆட்டிய
நல்லெண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள்.
ஈரத்தில் லேபிளின் மேல்பாதி உரிந்துவிட்டது.
திராட்சை போயிற்று, ஊர் போயிற்று.
தாளிக்க நேரமானால் மாஸ்டர்
திரும்பாமலே கையை நீட்டுவார்:
"அந்தச் செக்கை எடு."